ஆளா, பிணமா?

1

‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் படம் தெரியும். செத்தவன் எழுந்து தள்ளாடித் தள்ளாடி நடப்பான். மனிதக் கறி தின்பான். அவன் கடித்தால் சாவு உறுதி. செத்தால் எழுவதும் உறுதி. மண்டையில் சுட்டால்தான் விழுவான். இதெல்லாம் பாட்டி கதையிலிருந்தே நமக்குத் தெரிந்த மாதிரி இருக்கும். கேம் ஆடியிருப்போம், தொடர் பார்த்திருப்போம், மீம் பகிர்ந்திருப்போம். ஆனால் இந்த விதிகளின் வயது அறுபதுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில், பியருக்கும் சலவைப்பொருளுக்கும் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஏ. ரொமேரோவும் அவருடைய சிநேகிதர்களும் சேர்ந்து 1967இல் எடுத்து, 1968 அக்டோபரில் வெளியிட்ட ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படத்தில் இருந்து வந்தவை அவை.

விதிகள் எல்லோருக்கும் தெரியும். முடிவு அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது, அதனால் கதையை முழுசாகச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் சட்டப்படியே. ஏன் இலவசம் என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதி.

முடிவு இதுதான். ஒரு பண்ணை வீட்டில் மாட்டிக்கொண்ட ஏழு பேரில், இரவு முழுக்கப் போராடி ஒரே ஒருத்தன் பிழைக்கிறான். பெயர் பென். கறுப்பினத்தவன். விடிகிறது. வெளியே நாய் குரைக்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. ஷெரிஃபும் உள்ளூர் ஆட்களும் துப்பாக்கிகளோடு வரிசையாக வயலில் நடந்து வருகிறார்கள். உதவி வந்துவிட்டது. பென் நிலவறையிலிருந்து மேலே ஏறி வந்து ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்க்கிறான். வீட்டுக்குள்ளே என்னமோ இருக்கிறது, சத்தம் கேட்டது என்று வெளியே பேச்சு. ‘யாரோ’ இல்லை, ‘என்னமோ’. ஒருத்தன் குறி வைக்கிறான். நெற்றியில் குண்டு. நல்ல குறி என்று பாராட்டிவிட்டு, நெருப்பில் போட இன்னொன்று என்கிறார் ஷெரிஃப்.

அதற்கு மேல் படம் ஓடுவதில்லை. அசையாத புகைப்படங்களாக மாறிவிடுகிறது. செய்தித்தாளில் அச்சான மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும் படங்கள். கறி தூக்குகிற கொக்கிகளைப் பிடித்திருக்கும் கைகள். பென்னின் முகம். உடலைத் தூக்கிப்போகிறார்கள். மற்ற பிணங்களோடு சேர்த்துக் கிடத்துகிறார்கள். பிறகு தீ.

நவீன திகில் சினிமா என்று இன்று நாம் சொல்வது முழு உருவத்தோடு பிறந்தது இந்த ஐந்து நிமிடத்தில்தான் என்பது என் கட்சி. பிறந்த கையோடு, அதன் வாரிசுகள் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் கைவிட்டார்கள் என்பதும் என் கட்சி.

2

அதற்கு முன்னால் பயம் எங்கே குடியிருந்தது? தூரத்தில். 1931இல் ஹாலிவுட்டில் ‘டிராகுலா’வும் ‘ஃப்ராங்கன்ஸ்டைனு’ம் வந்தன. ஐரோப்பாவில் ஒரு பாழடைந்த கோட்டை, ஒரு ஆய்வுக்கூடம், இடி மின்னல். பார்ப்பவனுக்குப் பயமாக இருக்கும். ஆனால் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு உத்தரவாதமும் கையில் கொடுத்திருப்பார்கள். விஷயம் தெரிந்த ஒரு பேராசிரியர் வருவார், மார்பில் கழி இறங்கும் அல்லது ஊர் திரண்டு தீ வைக்கும், பொழுது விடியும். விளக்கைப் போட்டதும் நாம் வீட்டுக்குப் போகலாம். வீடு பத்திரமாக இருக்கும்.

1960இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ இந்தத் தூரத்தை உடைத்தது. கோட்டை போய் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் வந்தது. பூதம் போய்க் கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் வந்தான். ஆனால் ‘சைக்கோ’வும் கடைசியில் ஒரு மனநல மருத்துவரை வரவழைத்து, நடந்தது என்ன, ஏன் என்று பாடம் எடுக்க வைக்கிறது. இது இன்ன நோய் என்று பெயர் வைத்துவிட்டால் பாதி பயம் தீர்ந்தது.

1968இல் இரண்டு படங்கள் ரொமேரோவுக்கு முன்னாலேயே அடுத்த அடியை எடுத்துவைத்தன. ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் ஆபத்து பக்கத்து ஃப்ளாட்டிலும் சொந்தப் புருஷனிடத்திலும் இருந்தது. பீட்டர் போக்டனோவிச்சின் ‘டார்கெட்ஸ்’ இன்னும் வெளிப்படையாகவே பேசியது. அதில் ஃப்ராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்த அதே போரிஸ் கார்லாஃப், கிட்டத்தட்டத் தன்னையே மாதிரி ஒரு வயசான திகில் நடிகராக வருகிறார். செய்தித்தாளைத் திறந்தால் வருகிற பயத்துக்கு முன் தன் படங்கள் பொம்மலாட்டம் என்று நினைத்து ஓய்வுபெறப் பார்க்கிறார். இன்னொரு பக்கம், நல்ல குடும்பத்துப் பையன் ஒருத்தன் மனைவியையும் அம்மாவையும் சுட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களை ஒளிந்திருந்து சுடக் கிளம்புகிறான். ஏன் என்று படம் சொல்வதே இல்லை.

அந்த ‘ஏன்’ இல்லாதது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நம்மூர்ப் பேயோடு வைத்துப் பார்த்தால் புரியும். தமிழ்ப் பேய்க்கு ப்ளாஷ்பேக் கட்டாயம். ‘காஞ்சனா’வில் (2011) பேய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கி, கொன்று புதைத்திருக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு அந்தக் கதை தெரிந்ததும் நாம் பேய் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். ‘சந்திரமுகி’யில் (2005) பேய்க்கு ஒரு பூர்வகதை, நோயாளிக்கு ஒரு மருத்துவர், இரண்டுமே உண்டு. நம்மிடம் பேய் என்பது நிலுவையில் கிடக்கும் மனு. உயிரோடு இருந்தபோது எந்தக் கச்சேரியிலும் எடுபடாத வழக்கு, செத்த பிறகு விசாரணைக்கு வருகிறது. இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. இசக்கி, மாடன் என்று கொலையுண்டவர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற ஊரில் இது ரொம்ப இயல்பான கதைமரபு. அநியாயமாகச் செத்தவருக்கு ஊர் பட்ட கடன் அது.

ரொமேரோவின் பிணங்களிடம் மனு இல்லை. அவர்களுக்கு யார்மேலும் கோபம் கிடையாது. வேட்டி சட்டை கலையாமல் எழுந்து வந்த நம் பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி, கோட்டு சூட்டோடு, நைட்டியோடு, சிலர் ஒன்றுமே இல்லாமல், வெறுமனே வருகிறார்கள். வீனஸ் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று டிவியில் ஒரு பேச்சு வருகிறது. ஆனால் அதைச் சொல்லும் விஞ்ஞானியும் கூட நடக்கும் ராணுவ அதிகாரியும் கேமரா முன்னாலேயே ஒருவரை ஒருவர் மறுத்துக்கொள்கிறார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவர்களுக்கே விளக்கம் இல்லை. ‘சைக்கோ’வின் மருத்துவர் உட்கார்ந்திருந்த நாற்காலி இந்தப் படத்தில் காலி.

3

வெளியே பிணங்கள், உள்ளே என்ன? வாய்ச்சண்டை. படத்தின் பெரும்பகுதி உண்மையில் அதுதான்.

பென் மேல்தளத்தில் இருக்கலாம் என்கிறான்: பலகை அடித்துக் கதவு ஜன்னலை அடைக்கலாம், தப்பிக்க வழி இருக்கும். ஹாரி கூப்பர் என்கிற நடுவயசுக் குடும்பஸ்தன் நிலவறைக்குப் போகலாம் என்கிறான்: ஒரே கதவு, உள்ளேயிருந்து தாழ் போட்டால் முடிந்தது. ஹாரி கோழை, சிடுமூஞ்சி, ஆபத்தில் பென்னுக்குக் கதவைத் திறக்காமல் நின்றவன். நாம் முழுக்க பென் பக்கம். ஆனால் கடைசியில் நடப்பதைக் கவனியுங்கள். மேல்தளத்தின் அடைப்புகள் உடைகின்றன. தப்பிக்கப் போட்ட திட்டத்தில் டிரக் தீப்பிடித்து இளம் ஜோடி ஒன்று சாகிறது. பென் உயிர் பிழைப்பது, நிலவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டதால். அதாவது ஹாரி சொன்னதுதான் சரி!

திரைக்கதை தெரிந்த எவரும் இப்படி எழுதமாட்டார்கள். நல்லவன் சொன்னது தப்பு, கெட்டவன் சொன்னது சரி, ஆனால் சரியாகச் சொன்னவனும் பிழைக்கவில்லை. ஏனென்றால் அந்த நிலவறைக்குள்தான் அவனுடைய மகள் கடிபட்டுக் கிடக்கிறாள். அவள் சாகிறாள், எழுகிறாள், அப்பாவைத் தின்கிறாள், கொத்துக் கரண்டியால் அம்மாவைக் குத்திக் கொல்கிறாள். தாழ் சரியாகத்தான் போட்டிருந்தது; ஆபத்து தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் இருந்தது. நவீன திகில் படங்கள் அதற்கப்புறம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். குடும்பம், போலீஸ், அறிவியல், செய்தி என்று எதையெல்லாம் பாதுகாப்பு என்று நம்புகிறோமோ அவற்றில் எதுவும் உத்தரவாதம் இல்லை.

படத்தில் குறை இல்லாமலில்லை. முதல் காட்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணனோடு வந்து, அவன் சாவதைப் பார்த்து ஓடிவரும் பார்பரா, வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே பொம்மையாகிவிடுகிறாள். சோபாவில் உட்காருகிறாள், வெறித்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதிர்ச்சியில் உறைவது மனித இயல்பு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் படத்தில் மூன்று பெண்கள் இருந்தும் ஒருத்திக்கும் முடிவெடுக்கிற இடம் இல்லாதபோது அந்தச் சமாதானம் எடுபடாது. ரொமேரோவே பின்னால் இதை உணர்ந்திருக்க வேண்டும். அவருடைய அடுத்தடுத்த பிணப் படங்களில் பெண்கள் சும்மா உட்காருவதில்லை.

4

பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். நாடகக்காரர், இலக்கியம் படித்துப் பாடம் நடத்தியவர். திரைக்கதையில் பென்னின் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதும்போது அவன் கொஞ்சம் முரட்டுத்தனமான டிரக் ஓட்டுநர், கொச்சைப் பேச்சு. ஜோன்ஸ் வந்தபிறகு வசனத்தைத் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார். நாம் பார்க்கும் நிதானமான, யோசித்துப் பேசும் பென் அவர் செய்தது. தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நல்ல நடிகர், அதனால் எடுத்தோம் என்றுதான் ரொமேரோ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை வைத்துச் சிலர் கேட்பது உண்டு: எடுத்தவனே நினைக்காததை நீ ஏன் படத்தில் ஏற்றிப் பார்க்கிறாய்? நியாயமான கேள்விதான். என் பதில்: படத்தில் யாருமே பென்னின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் 1968இல் அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காவது அது தெரியாமல் இருந்திருக்குமா? கறுப்பு மனிதன் வெள்ளைக்காரப் பெண்ணை அறைகிறான். வெள்ளைக்காரனை அடிக்கிறான், பிறகு சுடுகிறான். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவன்தான் உத்தரவு போடுகிறான். அறைகிற காட்சி பற்றி ஜோன்ஸுக்கே தயக்கம் இருந்தது. ரொமேரோ குழுவினர் யோசிக்காததை அவர் யோசித்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் படப்பிடிப்பு முடிந்து அந்த உடம்போடு தெருவில் நடக்கப்போவது அவர். பென்னைக் காப்பாற்றி அனுப்புகிற பொய்யான முடிவைவிட அவன் சாவதையே கறுப்பின மக்கள் ஏற்பார்கள் என்று அவர் வாதாடியதைப் பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக, நிறத்தைப் பற்றி யோசிக்காமல் எடுத்த படம் என்பது பாதி உண்மைதான். படக்குழுவில் ஒருத்தர் யோசித்துக்கொண்டேதான் இருந்தார்.

மீதியைக் காலம் செய்தது. 1968 ஏப்ரல் 4, படத்தின் பிரதியைக் காரில் போட்டுக்கொண்டு விநியோகஸ்தர் தேடி நியூயார்க் போய்க்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி கார் ரேடியோவில் வந்தது. வண்டியின் பின்பெட்டியில் இருந்த படத்தின் பொருள் அந்த ராத்திரியில் மாறிவிட்டது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்துக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. சந்தோஷமாக முடித்தால் பார்க்கலாம் என்றார்கள். இவர்கள் மாற்றவில்லை.

கடைசிப் புகைப்படங்களுக்குத் திரும்புகிறேன். அவை ஏன் அசையவில்லை? பணம் இல்லாததால் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விளைவு வேறு. அதுவரை நாம் பார்த்தது கதை. அசைவு நின்று, புள்ளிகள் தெரிய ஆரம்பித்ததும் அது ஆவணமாகிவிடுகிறது. கொன்ற உடலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்ட ஊர்க்கூட்டங்களின் படங்கள் அமெரிக்க வரலாற்றில் ஏராளம். அஞ்சல் அட்டையாகவே அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ரொமேரோ அந்த அட்டைகளை நினைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. படம் அந்த அட்டைகளின் வடிவத்தில் போய் முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. சுட்டவன் வெறியன் இல்லை, அவனுக்கு பென்மேல் பகையும் இல்லை. காலையிலிருந்து இதையேதான் செய்துகொண்டு வருகிறான்: அசைவது தெரிந்தால் மண்டையில் சுடு. ஷெரிஃப் டிவி நிருபரிடம் பேட்டி கொடுப்பதைப் பாருங்கள். அலுப்பு, கொஞ்சம் நகைச்சுவை, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம். ஒரு சின்னத் தவறு என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிற அளவுக்குக்கூட அவர்களுக்கு நடந்தது தெரியாது. படத்தில் பிணங்கள் செய்யும் எதைவிடவும் எனக்கு இதுதான் வயிற்றைப் பிசைகிறது.

5

இனி அந்த இலவசக் கதை.

படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்து, சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம். விநியோகம் எடுத்த வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியது. பழைய தலைப்பு அட்டையில்தான் காப்புரிமைக் குறிப்பும் இருந்தது. புது அட்டையில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு. படம் வெளியான நாளிலேயே பொதுச்சொத்தாகிவிட்டது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் உரிமை பற்றி நாலு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. அந்த நாலு வரியைப் பொறுத்துத்தான் ஒரு நிரல் உலகம் முழுக்கப் பரவுமா, ஒரு கம்பெனிக்குள்ளேயே கிடந்து மட்குமா என்பது முடிவாகும். ரொமேரோ விரும்பாமலேயே அவருடைய படம் ஓப்பன் சோர்ஸ் ஆனது. எந்த டிவி நிலையமும் காசு கொடுக்காமல் போடலாம். வீடியோ கேசட் வந்த காலத்தில் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம். எடுத்தவர்கள் கைக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. ஆனால் படம் வீடு வீடாகப் போய்விட்டது. யாரும் தட்டிக்கேட்காததால், பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துத் தங்கள் வழியில் வளர்த்தார்கள்.

எதை எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். ஜோம்பி என்ற சொல்லே இந்தப் படத்தில் இல்லை. அது ஹைட்டி நாட்டிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் சந்ததி, செத்த பிறகும் எஜமானனுக்காக உழைக்க எழுப்பப்படுகிற உடலுக்கு வைத்த பெயர். 1932இல் வந்த ‘ஒயிட் ஜோம்பி’யில் அவர்கள் சர்க்கரை ஆலையில் செக்கு சுற்றுகிறார்கள். அந்த மரபில் பயம் ஜோம்பியைப் பார்த்து அல்ல, ஜோம்பி ஆகிவிடுவோமோ என்பதில். ரொமேரோ எஜமானனை எடுத்துவிட்டார், பசியை வைத்தார். பெயரை ரசிகர்கள் பிறகு ஒட்டவைத்தார்கள்.

பரவியது விதித்தொகுப்பு. மெதுவாக நடக்கும், கூட்டமாக வரும், கடிக்கும், மண்டையில் சுடு. ரொமேரோவே ‘டான் ஆஃப் த டெட்’டில் (1978) அதை ஷாப்பிங் மாலுக்குக் கொண்டுபோனார். ‘த ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்’ (1985) மூளை தின்னும் பழக்கத்தைச் சேர்த்தது. 1996இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேம். 2002இல் ‘28 டேஸ் லேட்டர்’ அவர்களை ஓட வைத்தது. 2010இல் ‘த வாக்கிங் டெட்’ தொடர். நம் பங்குக்கு சக்தி சௌந்தர் ராஜனின் ‘மிருதன்’ (2016), ஜெயம் ரவி டிராஃபிக் போலீஸாக.

இந்த வரிசையில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1968இல் துப்பாக்கி கடைசியாக நம்மை நோக்கி இருந்தது. நாம் ஜன்னலுக்கு உள்ளே பென்னோடு நின்றோம். பின்னால் வந்த பெரும்பாலானவற்றில் துப்பாக்கி நம் கையில். கேமில் அது உருவகமே இல்லை, நேரடி உண்மை. குறி பார்த்து விசையை அழுத்துவது நாம். எதிரே வருவது ஆள் இல்லை என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது, அதனால் எவ்வளவு சுட்டாலும் மனசு உறுத்தாது. வயலில் வரிசையாக நடந்து வந்த அந்த ஷெரிஃபின் ஆட்களோடு நாமும் போய்ச் சேர்ந்துகொண்டோம். ஜோம்பி ஆட்டத்தின் சுகம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மண்டையில் சுடுவதை நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆடி ரசித்தவன்தான்.

இன்னும் வேடிக்கை, மூலப்படத்தை 1990இல் மறுபடி எடுத்தபோது நடந்தது. கைவிட்டுப்போன உரிமையைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. திரைக்கதை ரொமேரோவே, இயக்கம் டாம் சவினி. பார்பராவுக்கு முதுகெலும்பு வந்துவிட்டது, துப்பாக்கி எடுத்துச் சண்டை போடுகிறாள். நல்ல திருத்தம். ஆனால் பென்? காலையில் நிலவறைக் கதவு திறக்கும்போது அவன் ஏற்கெனவே செத்துப் பிணமாக எழுந்திருக்கிறான். சுடுகிறார்கள். சரியாகத்தான் சுடுகிறார்கள்! ‘நெருப்பில் போட இன்னொன்று’ என்ற வசனமும் இருக்கிறது, ஆனால் அது ஹாரியைப் பழிதீர்த்த பார்பராவின் வாயில். எல்லாம் பொருந்துகிறது, எல்லாருக்கும் கிடைக்கவேண்டியது கிடைக்கிறது. தப்பாகக் கொல்லப்பட்டவன் மட்டும் காணாமல் போய்விட்டான். உரிமைக் குறிப்பைத் தொலைத்ததால் பணம் போனது. இந்த ஒரு தப்பைத் திருத்தியதில் படமே போனது.

6

இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் வந்த இரண்டு படங்கள் அந்தப் பழைய ஜன்னலை மறுபடி திறந்தன.

முதலாவது யோன் சாங்-ஹோவின் ‘ட்ரெயின் டு பூசான்’ (2016). ரயிலில் ஆரம்பித்தவர்களில் கடைசியில் மிஞ்சுவது ஒரு கர்ப்பிணியும் ஒரு சிறுமியும். இருட்டான சுரங்கப்பாதைக்குள் நடந்து வருகிறார்கள். மறுமுனையில் ராணுவம். தூரத்தில் இரண்டு உருவம் அசைகிறது. ஆளா, பிணமா தெரியவில்லை. சுட உத்தரவு வருகிறது. அப்போது சிறுமி பாடுகிறாள். பள்ளியில் அப்பா முன்னால் பாட நினைத்துப் பாட முடியாமல் போன பாட்டு. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். இது 1968இன் முடிவேதான், ஒரே ஒரு மாற்றத்தோடு: சுடுவதற்கு முன் யாரோ காது கொடுத்தார்கள்.

இரண்டாவது ஜோர்டான் பீலின் ‘கெட் அவுட்’ (2017). அதில் பிணமே கிடையாது. வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போன கறுப்பின இளைஞன் கிறிஸ், தன்னைக் கொல்லப் பார்த்தவர்களிடமிருந்து தப்பி, கடைசியில் நடுரோட்டில் அவளுடைய கழுத்தில் கை வைத்தபடி இருக்கிறான். அப்போது சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல ஒரு கார் வருகிறது. மற்ற எந்தப் படத்திலும் அந்த விளக்கைப் பார்த்தால் அப்பாடா என்று இருக்கும். இங்கே நமக்கு மூச்சு நிற்கிறது. கிறிஸ் கையைத் தூக்குகிறான். இது எப்படி முடியும் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்திருக்கிறது. தன்னைப் பாதித்த படங்களில் ஒன்றாக ரொமேரோவின் படத்தைச் சொன்னவர் பீல். முதலில் அவர் எடுத்த முடிவில் வந்தது போலீஸ்தான், கிறிஸ் சிறைக்குப் போகிறான். பிறகு, பார்க்கிறவர்களுக்கு ஒரு விடுதலை தேவை என்று மாற்றினார். காரிலிருந்து இறங்குவது அவனுடைய சிநேகிதன்.

பீல் செய்தது சமரசமா? முதலில் அப்படித்தான் தோன்றும். 1990இல் நடந்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. 1990 படம் கேள்வியையே அழித்துவிட்டது. அங்கே சுட்டது தப்பே இல்லை. ‘கெட் அவுட்’டில் கேள்வி முழுசாக நம் முன் வந்து நிற்கிறது. கார்க் கதவு திறக்கும்வரையிலான அந்தச் சில நொடிகளில் பென் செத்த காலை நமக்குள் ஒரு தடவை நடந்து முடிந்துவிடுகிறது. பதில்தான் வேறு. பழைய முடிவை அப்படியே திருப்பி எடுத்திருந்தால், ஊரறிந்த கொடுமையை இன்னொரு தடவை காட்டியதாக முடிந்திருக்கும். 1968இல் அந்த முடிவு யாரும் எதிர்பாராதது. 2017இல் எல்லோரும் எதிர்பார்த்தது அதுவே. திகில் சினிமாவின் செல்வாக்கு என்று யாராவது கேட்டால், வசூலையும் அடுத்தடுத்த பாகங்களையும் விட்டுவிட்டு இந்த ஒரு மாற்றத்தைக் காட்டுவேன்: போலீஸ் விளக்கைப் பார்த்ததும் ஒரு தியேட்டர் முழுக்க ஒரே மாதிரிப் பயப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

சிறுமியைக் காப்பாற்றியது பாட்டு. கிறிஸைக் காப்பாற்றியது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு ஆள். பாடவும் வராத, தேடி வர ஆளும் இல்லாதவனுக்கு என்ன வழி என்பது அப்படியேதான் நிற்கிறது. பென் ஏன் குரல் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். ராத்திரி முழுக்கப் பிணங்களுக்கு நடுவே இருந்தவன், வெளியே வந்திருப்பது யார் என்று பார்க்கத்தான் ஜன்னலுக்கு வந்தான்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்தான். அந்தக் கேள்வியை அவனிடம் கேட்பது முறையல்ல. நம்மூரில் இருட்டில் நிழல் அசைந்தால் எவ்வளவு பயந்தவனும் முதலில் ‘யாரது?’ என்று ஒரு குரல் கொடுப்பான். துப்பாக்கியோடு வயலில் நின்ற அத்தனை பேரில் ஒருத்தன்கூட அதைக் கேட்கவில்லை.